மங்கலின் கணக்கு

இரும்பைவிடக் கனம்.
ஆனாலும் அதன் வழியே பார்த்து
எதிரே நிற்பவரின் சட்டைப் பொத்தான்களை எண்ணலாம்.
ஈயமும் டங்ஸ்டனும் ஆக்சிஜனும்
இப்படியோர் உடன்பாட்டுக்கு வரும் என்று
பள்ளியில் எவரும் எனக்குச் சொல்லவில்லை.

தூலாவுக்குத் தெற்கே, பனியில் பாதி புதைந்த தொழிற்சாலையில்
ஸினாயிதா லாப்ஷினா அதை வளர்த்தாள்.
வளர்ப்பது என்றுதான் அங்கே சொல்கிறார்கள்,
கன்றைச் சொல்வதுபோல, கோபத்தைச் சொல்வதுபோல.
பிளாட்டினக் குவளையில்
ஆயிரத்து நூறு பாகைக்கும் மேலே ஓர் உருகல்.
அதன் முகத்தைத் தொட்டும் தொடாமலும் ஒரு விதைப் படிகம்.
சுழன்றுகொண்டே மேலேற வேண்டும்,
மணிக்குச் சில மில்லிமீட்டர்.
அந்த ஊரில் அதைவிட மெதுவாக நகர்ந்தது
அவளுடைய ஓய்வூதியக் கோப்பு மட்டும்தான்.

ஓர் இரவு மின்சாரம் பதினொரு விநாடி போனது.
உலைக்குள்ளே டிக் என்று ஒரு சத்தம்.
மூன்று நாள் உழைப்பு இரண்டாய்.
பதிவேட்டில் 'விரிசல்' என்று எழுதிவிட்டு
அவள் தேநீர் போடப் போனாளாம்.

தப்பித்தவை பெட்டியேறி வந்தன.
இப்போது ஜூரா மலையடியில், நூறு மீட்டர் ஆழத்தில்,
பதினெட்டுப் பாகைக் குளிரில்
தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன.
ஒளிக்கு நிகரான வேகத்தில் வரும் ஓர் எலெக்ட்ரான்
முதல் அணுக்களிலேயே இடறுகிறது.
பெரிய நோட்டு சில்லறையாகிறது,
சில்லறை இன்னும் சிறு சில்லறையாகிறது,
கடைசிக் காசும் ஒரு சாண் நீளத்துக்குள் செலவாகி
மங்கிய நீலமாய்ப் பின்முனைக்கு வருகிறது.
வந்தவர் போய்விட்டார்.
சிந்தியதைக் கூட்டி
அவர் மடியில் எவ்வளவு இருந்தது என்று சொல்வது
எங்கள் பிழைப்பு.

இதில் ஒரு சிக்கல்.
பார்த்துப் பார்த்தே படிகம் மங்குகிறது.
ஒவ்வொரு மோதலும் கொஞ்சம் நிறத்தை உள்ளே விட்டுப் போகிறது,
சமையலறைச் சுவரில் புகை படிவதுபோல.
அதனால் இடைவிடாமல் ஒரு நீல லேசரை அனுப்பிக் கேட்கிறோம்:
இன்றைக்கு உனக்கு எவ்வளவு தெரிகிறது?

போன அக்டோபரில் ஒன்று
பாதிக்கும் கீழே போனது.
அணைத்துவிடலாம் என்றது கூட்டம்.
மயேல் கெர்த்ரோன் மட்டும்
இரண்டு இரவு தூங்காமல் வரைபடத்தோடு வந்தாள்.
மடிக்கணினியை மேசைமேல் திருப்பி வைத்தாள்.
"இது பொய் சொல்லவில்லை. குறைத்துச் சொல்கிறது.
எவ்வளவு குறைத்து என்று எனக்குத் தெரியும்."
வேறொன்றும் பேசவில்லை.
காபி குடித்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள்.
அன்று முதல் அந்தப் படிகத்தின் சொல்லை
இரண்டு புள்ளி மூன்றால் பெருக்கிக்கொள்கிறோம்.

டிசம்பரில் இயந்திரம் நிற்கும்.
அப்போது எவரும் எதையும் செய்வதில்லை.
கீழே இருட்டில், மோதல் இல்லாத வாரங்களில்,
அவை தாமாகவே தெளிகின்றன.
முழுதாக அல்ல.
கோடு எறும்புபோல மேலே ஊர்ந்து
ஓரிடத்தில் போதும் என்று நின்றுவிடுகிறது.

பெட்டிகளைச் சரிபார்க்க ஒருமுறை
நான் அந்த ஊருக்குப் போயிருந்தேன்.
ஸினாயிதா கறுப்பு ரொட்டியும்
புளித்த முட்டைக்கோசும் வைத்தாள்.
ஜாடிக்குள் தட்டு, தட்டின்மேல்
இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றிய கனமான ஏதோ.
வெட்டிப்போட்ட படிக முனை!
"ஈயம்" என்றேன், வாயில் கோசோடு.
"அதனால்தானே இரண்டு பை" என்றாள்.

பிறகு பைகளை உரித்து, கழுவித் துடைத்து
ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொன்னாள்.
தெருவில் இருந்த ஒரே விளக்கு
உள்ளே இரண்டாய் எரிந்தது.
எது அசல் என்று கேட்டேன்.
தோளைக் குலுக்கினாள்.
"நகராட்சி ஒன்றுக்குத்தான் கட்டணம் கட்டுகிறது."